மயிலுக்குப் போர்வையும் முள்ளெலிக்குப் பாலும்



கடையெழு வள்ளல்களுள் ஒருவன் பேகன். பழனி மலைச்சாரலை ஆண்ட அவன், மழைக்காலத்தில் ஒரு மயில் அகவி ஆடியதைக் கண்டான். அது குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினான். இக்கதையை நம் வகுப்பிற் படிக்காத மாணவர் எவரும் இரார். மயில் போர்வையை உடுக்காது என்பதைப் பேகன் சிந்திக்கவில்லை. உள்ளத்தில் இரக்கம் சுரந்தது, கை கொடுத்துவிட்டது. இத்தகைய கொடையைப் பழந்தமிழர் 'கொடைமடம்' என்றனர். கொடுக்கும் மனம் பெரிது, கொடுக்கும் பொருள் பெறுவோர்க்குப் பொருந்துமா என்ற ஆராய்ச்சி மட்டும் அங்கே இல்லை.

பேகனைப் பழிக்க நாம் இதனை எழுதவில்லை. அவனது மனம் நமக்கு வாய்த்தால் அதுவே பெரும்பேறு. ஆயினும் அவன் போர்வையால் மயிலுக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை. சென்ற குளிர்காலத்தில் நாம் காட்டிய இரக்கமோ ஓர் உயிருக்குத் துணையாகவில்லை. அதனை மறைக்காமல் இம்மலரில் பதிவு செய்வது நம் கடமை என்று கருதுகிறோம்.

ஈச்சந்தோட்டத்தில் நிகழ்ந்தது

ஷார்ஜாவைச் சேர்ந்த தைத் என்னும் ஊர் பேரீச்சந் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள தோட்டம் ஒன்றிற்கு நம் பள்ளி மாணவரும் பெற்றோரும் சுற்றுலா சென்றோம். பேரீச்சங் குலைகள் பழுக்கும் காலத்தில் பறவைகளும் பூச்சிகளும் அண்டாதபடி அவற்றிற்கு வலைப்பை கட்டுவது வழக்கம். அறுவடைக்குப்பின் கழித்துப்போட்ட வலைகள் வரப்போரம் குவிந்து கிடந்தன. அக்குவியலில் ஏதோ அசைவதை மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்டாள். அருகிற் சென்று பார்த்தோம். கைப்பிடியளவே உள்ள ஒரு முள்ளெலி! வலைநூல் அதன் பின்னங்காலை இறுக்கி, தோலை அறுத்து, கால் வீங்கியிருந்தது.

தோட்டத்தைக் கவனித்துவந்த பெரியவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிள்ளைகள் அவரை "அண்ணாச்சி" என்றே அழைத்தனர். அவர் ஓடிவந்து கத்தரிக்கோலால் வலையை மட்டும் வெட்டிவிட்டார்.

"இதை எங்க ஊர்த் தேரிக்காட்டுலயும் பாத்திருக்கேன் சார். பகல்ல வெளிய கிடக்குதுன்னாலே அதுக்கு முடியலைன்னு அர்த்தம். ஒரு அட்டைப்பெட்டியில இருட்டா வச்சு, மிருக டாக்டர்ட்ட கொண்டுபோயிருங்க. பால்கீல் ஊத்தாதீங்க. பிள்ளைங்க கையில குடுக்காதீங்க" என்று அவர் சொன்னார்.

நாம் கேட்டோமா? இல்லை. நம்முள் பொறியாளர் இருந்தனர், கணக்காயர் இருந்தனர், ஆசிரியரும் இருந்தோம். தோட்டவேலை செய்பவரின் சொல் நம் செவியில் ஏறவில்லை. பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக அதனைத் துணியிலேந்திப் பார்த்தனர். படம் எடுத்தோம். "பாவம், பசிக்கும்" என்று பாலைச் சிறு மூடியில் ஊற்றி வைத்தோம். அது சிறிது குடித்தது கண்டு கைதட்டி மகிழ்ந்தோம். மாலையாகிவிட்டதால் மருத்துவரிடம் மறுநாள் செல்லலாம் என்று முடிவு செய்து, ஒரு மாணவன் வீட்டில் விளக்கொளியில் வைத்தோம். விடியற்காலையில் அது இறந்து கிடந்தது.

அம்மாணவன் கேட்ட வினா இதுதான்: "நாம நல்லதுதானே செஞ்சோம்?"

அவனுக்கு உடனே விடைகூற நம்மால் இயலவில்லை. பின்னர் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்தோம். அது எதனால் இறந்தது என்று அவரும் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆனால் நாம் செய்தவற்றுள் எவை தவறு என்பதை ஒவ்வொன்றாக விளக்கினார். அவ்விளக்கமே இப்பாடம்.

அடக்கம் அமைதியன்று

முதற்செய்தி: காட்டுயிர் நம்மை நண்பராகக் காண்பதில்லை. தன்னைப் பிடித்து உண்ண வந்த பகையாகவே காண்கிறது. நாய்க்குட்டி நம் மடியில் அடங்கியிருந்தால் அது அன்பு. அடிபட்ட காட்டுயிர் நம் கையில் அடங்கியிருந்தால் அது அச்சம். அவ்வேளையில் அதன் இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு திணறுகிறது. காயத்தினும் அச்சமே சிலபோது உயிரைக் குடித்துவிடும். மான் இனத்தைத் துரத்திப் பிடித்தால் அதன் தசைகள் சிதைந்து, பிடித்த சில நாட்களுக்குப் பிறகும் அது இறக்கக்கூடும் என்பது மருத்துவர் நன்கறிந்த உண்மை. எனவே இருட்டும் அமைதியுமே முதல் மருந்து.

இரண்டாம் செய்தி உணவைப் பற்றியது. வளர்ந்த முள்ளெலிக்குப் பசும்பால் செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கு உண்டாகி, ஏற்கெனவே வாடிய உடலில் எஞ்சிய நீரும் வெளியேறிவிடும். வண்டு, பூச்சி, தேள் முதலியவற்றை உண்டு வாழும் சிற்றுயிர் அது. மயிலுக்குப் போர்வை எவ்வாறோ, முள்ளெலிக்குப் பாலும் அவ்வாறே. மயக்கத்திலிருக்கும் எவ்வுயிரின் வாயிலும் நீரை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் சென்று மூச்சடைக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாம் செய்தி காலம். கட்டுப்போட்டு இறுகிய காலில் குருதியோட்டம் நின்றிருந்தது. ஒவ்வொரு மணி நேரமும் அதற்கு அரியது. நாம் ஓர் இரவை வீணாக்கினோம்.

தைத்தில் நாம் கண்டது பாலை முள்ளெலி. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் வாழும் மதராஸ் முள்ளெலி இதன் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அண்ணாச்சி ஊர் நினைவில் பேசவில்லை, அறிந்தே பேசினார் என்பது நமக்குப் பின்னரே புரிந்தது.

செய்யத்தக்கன

1. முதலில் நின்று நோக்குக. உதவி உண்மையிலேயே தேவையா என்று ஆராய்க. மான்குட்டி தனியே படுத்திருந்தால் அது அநாதை என்று எண்ணித் தூக்கிவரலாகாது. தாய்மான் தன் குட்டியைப் புதரில் ஒளித்துவிட்டு மேயச்சென்று, பாலூட்ட மீண்டும் வரும். தூக்கி வருவது காப்பாற்றுதல் ஆகாது, பிரித்தல் ஆகும்.

2. பிள்ளைகள் தொடலாகாது. பெரியவரை அழைத்தலே பிள்ளைகளின் பணி. நரி, நாய், பூனை, வௌவால் ஆகியவற்றின் கடி வெறிநோயைப் பரப்பக்கூடும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்க.

3. பெரியவர்கள் தடித்த கையுறை அணிந்து, துணியால் மூடி, காற்றுத்துளையிட்ட பெட்டிக்குள் வைக்கலாம். பாம்பு, பெரிய விலங்கு, கழுகு போன்றவற்றை அணுகவே கூடாது.

4. உணவு வேண்டா, பால் வேண்டா, படம்பிடித்தலும் வேண்டா.

5. உரிய அமைப்பிற்கு உடனே அறிவிக்க. அபுதாபியில் சுற்றுச்சூழல் முகமையும், ஷார்ஜாவில் சுற்றுச்சூழல் மற்றும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் ஆணையமும், துபாயில் மாநகராட்சியும் உள்ளன. கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டால், குணமான பின் அவ்வுயிரை அங்கேயே விட இயலும்.

கரையொதுங்கும் ஆமை

இரக்கம் அறிவோடு சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. குளிர்மாதங்களில் வளைகுடாக் கடல்நீர் குளிரும்போது இளம் அழுங்காமைகள் சோர்வடைகின்றன. நீந்தாமல் மிதக்கும் அவற்றின் ஓட்டில் கொட்டலசுகள் ஒட்டிப் படர்கின்றன. அச்சுமையால் மேலும் நலிந்து கரையொதுங்குகின்றன. கடற்கரையில் இதனைக் காண்போர் பலர், "ஆமையின் வீடு கடல்தானே" என்று மீண்டும் நீருக்குள் தள்ளிவிடுகின்றனர். நீந்த வலுவிழந்துதான் அது கரைக்கே வந்தது! வேறு சிலர் கொட்டலசுகளைப் பெயர்த்தெடுக்க முனைந்து ஓட்டையே புண்ணாக்கிவிடுகின்றனர். நிழலில், ஈரத்துணி போர்த்தி, உரியவரை அழைத்தலே முறை.

துபாயில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய ஆமை மறுவாழ்வுத் திட்டம், புர்ஜ் அல் அரபும் அதன் அண்டை விடுதியும் தரும் இடத்தில், இத்தகைய ஆமைகளுக்கு மருத்துவம் செய்து இதுவரை 2,000க்கும் மேற்பட்டவற்றைக் கடலில் விட்டுள்ளது. அங்குக் குணமடைந்த 'திப்பா' என்னும் பேராமை ஒன்றின் ஓட்டில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டனர். அது 8,000 கிலோமீட்டருக்கும் மேல் நீந்தித் தாய்லாந்துக் கடற்பகுதியை நெருங்கிற்று. கரையில் கிடந்த உயிர் ஒரு பெருங்கடலையே கடந்தது! அதனை மீட்டவர் எவரும் தம் வீட்டுத் தொட்டியில் வைத்துக்கொள்ள எண்ணவில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

கொக்கும் உழவரும்

வைத்துக்கொள்ளும் ஆசையைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் 2022ஆம் ஆண்டு ஓர் உழவர், கால் முறிந்து வயலில் கிடந்த சாரசக் கொக்கு ஒன்றைக் கண்டார். தம் கைப்பட மருந்திட்டுக் காப்பாற்றினார. குணமடைந்த கொக்கு அவரை விட்டு நீங்கவில்லை. அவர் தட்டிலேயே உண்டது. அவர் இருசக்கர வண்டியில் சென்றால் பின்னாலேயே பறந்தது. நாடே வியந்து நோக்கியது. 2023 மார்ச்சில் வனத்துறையினர் அதனைச் சமஸ்பூர் பறவைகள் காப்பகத்திற்குக் கொண்டு சென்றனர். பின்பு அது கான்பூர் உயிர்க்காட்சிச் சாலைக்குச் சென்றது. உழவர்மீது வழக்கும் பதிவாயிற்று.

இதனைக் கேட்கும்போது நம் நெஞ்சம் உழவர் பக்கமே சாய்கிறது. அவர் செய்தது அன்பே, ஐயமில்லை. ஆயினும் சட்டம் கூறுவதையும் எண்ணுவோம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுயிர் ஒன்று நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திற்கோ உரிய அலுவலர்க்கோ அறிவித்தல் வேண்டும். நாம் வாழும் அமீரகத்திலும் அபாயகரமான விலங்குகளைத் தனியார் வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டுள்ளது. மனிதருக்கு அஞ்சுதலை மறந்த காட்டுயிர், தன் இனத்தோடு வாழும் வாழ்வையும் மறக்க நேரிடும். முதல் நாளிலேயே உரியவர்க்கு அறிவித்திருந்தால், அக்கொக்கிற்குக் கூண்டும் உழவர்க்குப் பிரிவும் நேராதிருந்திருக்கலாம் அன்றோ?

மீண்டும் தோட்டத்தில்

இரண்டு மாதம் கழித்து நாம் மீண்டும் தைத் சென்றோம். அண்ணாச்சியிடம் நடந்ததைக் கூறி, அவர் சொற்கேளாமைக்கு வருந்தினோம். அவர் நம்மைக் கடியவில்லை. "வலை அங்க கிடந்தது எங்க தப்பும்தானே சார்" என்றார். அன்று காலை முழுதும் மாணவரும் பெற்றோரும் கையுறையணிந்து வரப்போரத்து வலைகளையும் நூல்களையும் பொறுக்கினோம். பதினொரு சாக்குகள் நிரம்பின. அடிபட்ட ஓருயிரை மீட்பதினும், அடிபடாமல் காத்தல் எளிது என்பதை அச்சாக்குகள் நமக்குக் கற்பித்தன.

அந்தி மயங்கியதும் அண்ணாச்சி விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அரபியர் 'காஃப்' என்றும் நாம் 'வன்னி' என்றும் அழைக்கும் மரத்தின் அடியில் ஒரு முள்ளெலி மோப்பம் பிடித்தபடி ஊர்ந்து சென்றது. முன்பு வினாத் தொடுத்த மாணவன் முன்வரிசையில் அமர்ந்திருந்தான். அவன் எழவில்லை. படப்பெட்டியையும் எடுக்கவில்லை. அது இருளில் மறையும் வரை பார்த்திருந்தான். அவன் வினாவிற்கு விடை அவனுக்கே கிடைத்துவிட்டது என்று நாம் அறிந்தோம்.

அருஞ்சொற்பொருள்

கொடைமடம் - ஆராயாது கொடுத்தல்
கொட்டலசு - ஓட்டிலும் பாறையிலும் ஒட்டி வாழும் சிறு கடலுயிர்
தேரி - செம்மணல் மேடு
அழுங்காமை, பேராமை - கடலாமை வகைகள்

சிந்தனைக்கு

1. பேகன் மயிலுக்கு உண்மையில் உதவ விரும்பியிருந்தால் என்ன செய்திருக்கலாம்?
2. அண்ணாச்சியின் சொல்லை நாம் கேளாமைக்குக் காரணம் யாது? அத்தகைய பிழை வேறெங்கு நிகழ்கிறது?
3. உழவர் செய்தது சரியா, வனத்துறை செய்தது சரியா? வீட்டிற் பெற்றோருடன் உரையாடி, பத்து வரிகளில் எழுதுக.