ஊசியும் மனச்சாட்சியும்

குழந்தைகட்கு நோய்த் தடுப்பூசி இடுதலை மறுத்தோரெல்லாம் அறியாமையினாலேயே மறுத்தனர் எனக் கற்றோர் எளிதிற் கூறிவிடுகின்றனர். இக்கூற்று எத்துணை உண்மையென்பதை, நம் சென்னையில் நிகழ்ந்த இரண்டு செய்திகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, சமயம் பற்றிய தடை. பெரியம்மை கண்டால் அம்மனே மனைக்கு எழுந்தருளினாள் எனக் கொண்டு, வேப்பிலை செருகி வழிபடுதல் நம் நாட்டு வழக்கம். மயிலை முண்டகக்கண்ணியம்மன் சந்நிதியில் நிற்போர்க்கு அவ்வழிபாட்டின் ஆழம் விளங்கும். 1796இல் ஜென்னர் கண்ட அம்மைப்பால் குத்தும் முறை 1802இல் இந்தியாவிற்கு வந்தபோது, அம்மன் செயலை மனிதர் தடுக்கலாமோ எனப் பலர் அஞ்சினர். சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை, அம்முறையைச் சக்தியே தன்வந்திரிக்கு உபதேசித்ததாகத் தமிழில் ஒரு கதை புனைந்தார். அவர் நோக்கம் நன்றே. ஆயினும், பிறர் பக்தியைப் புனைகதையால் வளைத்தல் அவர்தம் அறிவை மதித்தலாகுமோ?

இரண்டாவது, அறம் பற்றிய தடை. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. மருந்தை ஆக்குதற்கு, அடையாற்றை அடுத்த கிண்டியில் 1948இல் ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. பள்ளிப் பிள்ளைகட்குத் திரளாக ஊசியிடுதலைச் சென்னையில் ஏ. வி. ராமன் எதிர்த்தெழுதினார், பின்னர் இராஜாஜியும் எதிர்த்து, 1955இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மாகாண முதன்மைப் பதவி வகித்த அவரை அறிவிலி என்பார் யார்? நலமுள்ள குழந்தையின் உடலில் உயிருள்ள கிருமிகளைச் செலுத்துதற்குப் போதிய ஆதாரம் உண்டோ என்பது அவரது முதல் வினா. பெயரளவில் விருப்பமாயினும், பள்ளியில் வரிசையாய் நிறுத்தப்படும் பிள்ளைக்கு மறுக்கும் உரிமை ஏது என்பது இரண்டாவது வினா.

முதல் வினாவிற்கு விடையளித்தது பொறுமையான ஆராய்ச்சியே. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெருஞ்சோதனையில் இரண்டரை லட்சத்திற்கு மேற்பட்டோர்க்கு ஊசியிட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தனர். வளர்ந்தோரின் நுரையீரற் காசத்தை அம்மருந்து தடுக்கவில்லையென 1979இல் முடிவு வெளியாயிற்று. எனினும், பச்சிளங்குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசத்தை அது பெரிதும் தடுக்கின்றது. ஆதலாலேயே இன்றும் பிறந்தவுடன் இடப்படுகின்றது. எதிர்த்தோரும் ஆதரித்தோரும் முழு உண்மையைக் கண்டிலர் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாம் வினாவிற்கு எந்த ஆய்வுக்கூடமும் விடை கூறாது, நாமே கூறல்வேண்டும். பெற்றோரின் மனச்சாட்சி மதிக்கத்தக்கது. ஆனால், வாய் பேசாக் குழந்தையின் உயிரும், அண்டை வீட்டுக் குழந்தையின் உயிரும் அதனினும் இலேசானவையல்ல. பெரியம்மை 1975உடன் இந்தியாவை விட்டு நீங்கியதும், 1980இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பெற்றதும் பலர் தம் அச்சத்தை வென்று கைநீட்டியதன் பயனேயாம்.

ஆகவே, நம்முள் நாளை வைத்தியராகவும் ஆசிரியராகவும் செல்வோர், தயங்கி நிற்கும் தாயை இகழவும் வேண்டா, ஏய்க்கவும் வேண்டா. அருகிலமர்ந்து அவள் வினாவைக் கேட்டு, அறிந்ததை அறிந்தவாறே உரைப்போமாக.