அரசு ஆஸ்பத்திரி நமக்கும்தான்: புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

பரமக்குடி, முதுகுளத்தூர், சாயல்குடி என்று நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் திருநங்கைப் பிள்ளைகளும் திருநம்பிப் பிள்ளைகளும் என்னைத் தேடி வருகிறார்கள். வந்ததும் கேட்பது, “அம்மா, எந்த டாக்டரைப் பார்க்கணும்? எவ்வளவு செலவாகும்?” என்பதுதான். தனியாரில் லட்சக்கணக்கில் ஆகும் என்று கேள்விப்பட்டுச் சிலர் ஆசையையே விட்டுவிடுகிறார்கள். சிலர் வட்டிக்கு வாங்குகிறார்கள். இரண்டுமே வேண்டாம். அரசு மருத்துவமனை வழியாகவே முறையான சிகிச்சை பெறலாம். வரிசையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதலில் காகிதத்தைச் சரிசெய். ஆதார், ரேஷன் கார்டு, திருநங்கைகள் நல வாரிய அடையாள அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகிய நான்கும் வேண்டும். 2008இல் தொடங்கிய நல வாரியத்தின் அட்டைக்கு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேள். வீட்டைவிட்டு வந்திருந்தால் தனி ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடு. காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நம்முடைய பாலின அறுவை சிகிச்சைக்கும் அதில் இடமிருக்கிறது. ஒரு அட்டையில் பழைய பெயரும் இன்னொன்றில் புதுப் பெயரும் இருந்தால், வார்டில் சேர்ந்த பிறகு கோப்பு அங்கேயே நின்றுவிடும். பெயரை முன்பே ஒன்றாக்கிவிடு. அலைக்கழித்தால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடு. மனு எண் வாங்காமல் திரும்பாதே.

2. பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கு. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நமக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனை, பிரஷர், சர்க்கரை, மனநல ஆலோசனை எல்லாம் மாவட்டத் தலைநகரிலேயே இலவசம். இராமநாதபுரத்துக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. இங்கே எடுத்த ரிப்போர்ட்டுகளோடு மதுரைக்குப் போனால் ஒரு பயணம் மிச்சம். தனிப் பிரிவு எந்தக் கிழமை நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே பஸ் ஏறு.

3. மனநல மருத்துவரைப் பார்க்கக் கூச்சப்படாதே. நாம் இப்படி இருப்பது மனநோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில் இதை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு எதற்குப் போக வேண்டும்? ஒன்று, அறுவைக்கு அவர் கொடுக்கும் சான்று தேவை. இரண்டு, வீட்டார் அடித்தது, பள்ளியில் பட்டது, தூக்கமில்லாத இரவு, சாகலாமா என்ற எண்ணம் இதையெல்லாம் கொட்டித் தீர்க்க ஓர் இடம் வேண்டும். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 14416க்கு போன் போடு. டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

4. “மாற்றிக் காட்டுகிறேன்” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடு. மருந்தாலோ ஷாக்காலோ உன்னைப் பழையபடி ஆக்கலாம் என்று வீட்டார் கூட்டிப் போவார்கள். 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய முயற்சிகளைத் தடைசெய்யச் சொன்னார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்தது. அந்த டாக்டர்மேல் புகார் கொடுக்க உனக்கு உரிமை உண்டு.

5. கடையில் மாத்திரை வாங்கி முழுங்காதே. சீக்கிரம் மார்பு வரும் என்று யாரோ சொல்லக் கேட்டு, கருத்தடை மாத்திரையை இரண்டும் மூன்றுமாக விழுங்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருத்திக்கு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. இரத்தம் உறைந்திருந்தது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். அந்த மாத்திரையில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடயால் உறைவு அபாயம் கூடியது. அதனால்தான் டாக்டர்கள் நமக்கு வேறு வகை ஈஸ்ட்ரோஜன் எழுதுகிறார்கள். பீடி, சிகரெட் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். கால் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் எது வந்தாலும் 108க்கு போன் போடு. சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டு. ஹார்மோன் வேலை செய்ய மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். அளவைக் கூட்டினால் வேகம் கூடாது.

6. திருநம்பி மகனே, இது உனக்கு. டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஜிம் பையன்களிடம் வாங்காதே. அது இரத்தத்தைத் தடிக்க வைக்கும். ஹீமோகுளோபினைப் பார்த்துக்கொண்டே போட வேண்டிய மருந்து. ஊசி போட்டால் கர்ப்பம் தரிக்காது என்பதும் தவறு. மார்பை இறுக்கிக் கட்டுவதை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. நம் ஊர் வெயிலில் தோல் புண்ணாகும், மூச்சும் முட்டும். தூங்கும்போது கட்டாயம் அவிழ்த்துவிடு.

7. தாயம்மா எனப்படும் நம் மூத்தவர் கையால் நிர்வாணம், அதாவது உறுப்பு நீக்கம், வேண்டாம். அந்தக் காலத்தில் நம் முன்னோர்களுக்கு வேறு வழியில்லை. இரத்தப்போக்கிலும் சீழிலும் எத்தனையோ பேரை இழந்தோம். இன்று அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து முறையாகச் செய்கிறார்கள். பால் ஊற்றும் சடங்கை, காயம் ஆறியபின் நம் கூட்டமான ஜமாத்தில் குறைவில்லாமல் செய்துகொள்ளலாம். அறுவை முடிந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஹார்மோனே இல்லாவிட்டால் எலும்பு தேய்ந்துபோகும். பரிசோதனை ஆயுள் முழுக்க வேண்டும்.

8. பேச வேண்டியதை எழுதிக் கொண்டு போ. ஓ.பி. சீட்டுப் போடும்போதே நீ வைத்துக்கொண்ட பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து, “இந்தப் பெயரில் கூப்பிடுங்கம்மா” என்று சொல். சாப்பிடும் மருந்து, எப்போதிலிருந்து, என்ன தொந்தரவு என்று மூன்று வரி போதும். நர்ஸோ காவலாளியோ கேலி செய்தால் கைதட்டிச் சண்டைக்குப் போகாதே. பெயர், தேதி, நேரம் குறித்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போ. நமக்குச் சிகிச்சை வசதி செய்துதர வேண்டியது அரசின் கடமை என்று திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையில் பேசு, இரந்து கேட்காதே.

9. தனியாகப் போகாதே. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் லேபுக்குப் போகலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மைய ஆலோசகர்கள் நம் பிள்ளைகளோடு பழகியவர்கள். எந்த டாக்டர் மரியாதையாகப் பேசுவார் என்று அவர்களிடம் கேள். எச்.ஐ.வி. பரிசோதனையையும் அங்கேயே ரகசியமாகச் செய்துகொள்ளலாம்.

இதைப் படிக்கும் மகளே, மகனே, இந்த வாரமே காப்பீட்டு அட்டைக்கு எழுதிக் கொடு. சிகிச்சை முடித்து நன்றாக இருக்கும் மூத்தவர்களே, உங்கள் ஊரில் அடுத்து வரும் பிள்ளையை முதல் தடவையாவது நீங்களே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.