இரும்புப் பொசுபேற்றுக் கண்ணாடி: உருக்கும் நிபந்தனைகளும் இயல்புகளும்



கொக்கட்டிச்சோலை வயல்களுக்கு இடப்படும் சுப்பர் பொசுபேற்றுப் பசளை நீரில் கரைவதாலேயே நெற்பயிர் அதனை உறிஞ்சுகின்றது. ஆனால் பொசுபேற்றைக் கொண்டே நீரில் எளிதில் கரையாத கண்ணாடியையும் ஆக்கலாம். அதற்கு உதவுவது இரும்பு.

1. கண்ணாடியும் பளிங்கும்

உருகிய பொருள் குளிரும்போது துணிக்கைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டால் பளிங்கு உண்டாகும். அவ்வாறு அடுக்கப்பட முன்னரே அது திண்மமாகிவிட்டால் கண்ணாடி கிடைக்கும். சாதாரண பொசுபேற்றுக் கண்ணாடியிலுள்ள பொசுபரசு–ஒட்சிசன்–பொசுபரசு பிணைப்புகளை நீர் எளிதில் தாக்கும். இரும்பு சேரும்போது அவற்றுக்குப் பதிலாக, நீரைத் தாங்கும் இரும்பு–ஒட்சிசன்–பொசுபரசு பிணைப்புகள் உண்டாகின்றன.

2. ஆக்கும் முறை

பெரிக்கு ஒட்சைட்டும் அமோனியம் இருஐதரசன் பொசுபேற்றும் கலக்கப்பட்டு முதலில் மெதுவாகச் சூடாக்கப்படும். அமோனியாவும் நீராவியும் வெளியேறிய பின் புடக்குகையில் ஏறத்தாழ 1100 – 1200 பாகை செல்சியசில் உருக்கி, விரைவாகக் குளிரவிடப்படும்.

3. நிபந்தனைகளின் விளைவு

(அ) வெப்பநிலை: வெப்பநிலை கூடும்போது பெரிக்கு அயன்களில் ஒரு பகுதி பெரசு அயன்களாகத் தாழ்த்தப்படும். 4 பெரிக்கு அயன்கள் தாழ்த்தப்படும்போது 1 ஒட்சிசன் மூலக்கூறு வெளியேறும். பெரசு அயன்களின் பங்கு கூடினால், குளிரும்போது கலவை பளிங்காகும் நாட்டமும் கூடும்.

(ஆ) சூழலிலுள்ள வாயு: காபன் போன்ற தாழ்த்தும் பொருள்கள் இருப்பின் பெரசு அயன்கள் கூடும். ஒட்சிசன் மிகுந்த சூழலில் அவை குறையும்.

(இ) நேரம்: அளவுக்கு மிஞ்சி நீண்ட நேரம் உருக்கினால் பொசுபரசு ஒட்சைட்டு ஆவியாகிக் கலவையின் அமைப்பு மாறும். புடக்குகையும் அரிக்கப்படும்.

மனதிற் கொள்க: பெரசு, பெரிக்கு விகிதம் மாறினாலும் கண்ணாடி நீரைத் தாங்கும் தன்மை பெரிதும் மாறுவதில்லை. பளிங்காகும் நாட்டமே தெளிவாக மாறும்.

4. பயன்

அணு உலைக் கழிவிலுள்ள சீசியம்-137 இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 30 ஆண்டுகள். அதாவது 10 அரைவாழ்வுக்காலம், ஏறத்தாழ 300 ஆண்டுகள், கழிந்த பின்னரே அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். அதுவரை அது நிலத்தடி நீரில் கலக்கக்கூடாது. இத்தகைய கழிவை அடைக்கப் பெரும்பாலும் போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியே பயன்படுகின்றது. தமிழ்நாட்டின் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் சீசியம் சேர்த்த இரும்புப் பொசுபேற்றுக் கண்ணாடியும் ஆராயப்பட்டுள்ளது. உயர் வெப்பநிலையில் சீசியம் ஆவியாகித் தப்பிவிடும். ஆகவே இங்கும் உருக்கும் வெப்பநிலை முக்கியமானது.

மாதிரி வினா

ஒரே கலவை 1150 பாகை செல்சியசிலும் 1400 பாகை செல்சியசிலும் வெவ்வேறாக உருக்கப்பட்டது. பளிங்காகும் நாட்டம் எதில் கூட? காரணம் தருக.

விடை: 1400 பாகை செல்சியசில் உருக்கியதில். உயர் வெப்பநிலையில் ஒட்சிசன் வெளியேறுவதால், பெரிக்கு அயன்கள் இலத்திரன்களைப் பெற்றுப் பெரசு அயன்களாகத் தாழ்த்தப்படுகின்றன. பெரசு அயன்கள் கூடும்போது பளிங்காகும் நாட்டமும் கூடும்.

குறிப்பு: "வெப்பம் கூடியதால்" என்று மட்டும் எழுதுவது போதாது. இலத்திரன் மாற்றத்தையும் குறிப்பிடுங்கள்.