கேப் காட் கோடைக்கு வரும் தம்பிகளுக்கு

ஜூன் பிறந்ததும் எங்கள் வீட்டு மாடி அறைக்குப் புது விரிப்பு போட்டு வைப்போம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மடக்கிய கை மாதிரி கடலுக்குள் நீண்டு கிடக்கிறது கேப் காட். கல்லூரிப் பையன்களுக்கான கோடைகால பேஸ்பால் லீக் இங்கேதான் நடக்கிறது. 10 அணிகள். ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். ஓர் அணிக்குச் சுமார் 40 ஆட்டம். சம்பளம் கிடையாது. வீரர்களுக்குத் தங்க இடம் கொடுப்பது ஊர்க்காரர்கள்தான். பல கோடைகளாக அப்படி உங்களைப் போன்ற பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் மட்டை. கல்லூரியில் நீ பிடித்தது உலோக மட்டை. இங்கே 1985 முதல் மர மட்டை மட்டும்தான். உலோக மட்டையில் பந்து கைப்பிடிப் பக்கம் பட்டாலும் சில சமயம் உள்வட்டத்தைத் தாண்டிப் போய் விழும். மரத்தில் அப்படிப் பட்டால் மட்டை முறியும், பந்து பிட்சரின் காலடிக்கு உருண்டு போகும். எங்கள் வீட்டில் தங்கிய ஒரு பையன் வந்த முதல் வாரத்திலேயே மூன்று மட்டைகளை முறித்துவிட்டான். ராத்திரி சாப்பாட்டு மேசையில், பிளந்த மட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான். பந்து பட்ட தடம் மரத்தில் அப்படியே பதிந்திருந்தது, பட வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் கீழே. அந்தத் தடத்தைத் தினமும் பார்க்கப் பழகு. நீ எங்கே தவறுகிறாய் என்று கோச் சொல்வதற்கு முன்பே மட்டை சொல்லிவிடும். கல்லூரியில் பத்துக்கு மூன்றரை அடித்தவன் இங்கே பத்துக்கு இரண்டரை அடித்தால் அதில் கேவலம் ஒன்றும் இல்லை. எதிரே பந்து வீசுகிறவனும் அவன் கல்லூரியில் முதல் ஆள்தான். 1967-ல் சாத்தம் அணிக்கு ஆடிய தர்மன் மன்சன் .420 சராசரியில், அதாவது பத்துக்கு நாலுக்கும் மேலே அடித்தார். அது அபூர்வம் என்பதால்தான் இன்றும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2. உன்னைத் தற்காலிக வீரனாக எடுத்திருக்கலாம். ஓமஹாவில் கல்லூரி உலகத் தொடர் முடியும்வரை பெரிய அணிகளின் பையன்கள் வந்து சேர மாட்டார்கள். அதுவரை உன் இடம் உறுதியில்லை. அதற்காகப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு ஆடாதே. இரண்டு வாரம் என்று வந்து ஆகஸ்ட் வரை இருந்தவர்கள் உண்டு.

3. தங்கும் வீட்டில் விருந்தாளி மாதிரி ஒதுங்கி இருக்காதே, பிள்ளை மாதிரி இரு. சறுக்கி விழுந்து மண் அப்பிய பேன்ட்டை வெளிக்குழாயில் அலசிவிட்டு வாஷிங் மெஷினில் போடு. வர நேரமாகும் என்றால் ஒரு வரி தகவல் அனுப்பு, யாரோ ஒருவர் உனக்காகச் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு விழித்திருப்பார். வீட்டில் சின்னப் பையன் இருந்தால், நீ நாலு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆன நாளிலும் கொல்லையில் அவனுக்குப் பத்துப் பந்து போடு.

4. இது பிட்சர்களுக்கு. தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பிப்ரவரியிலிருந்து கல்லூரிக்காக வீசிக் களைத்த கையோடுதான் வருகிறீர்கள். வலைக்குப் பின்னால், தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் வேகம் அளக்கும் கருவியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் இன்னும் இரண்டு மைல் கூட்டிப் போடத் தோன்றும். முழங்கையின் உள்பக்கம் சுருக்கென்றால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லுங்கள். அங்கே உள்ள தசைநார் கிழிந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவரலாம். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தது அது. நன்றாகக் குணமானாலும் ஆடுகளத்துக்குத் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். எங்களிடம் இருந்த ஒருவன் வலியை மறைத்தான். ஒருநாள் காலையில் வலக்கைக்காரனான அவன் காபிக் கோப்பையை இடது கையால் எடுத்தான். பார்த்தேன், கேட்கவில்லை. ஜூலை நடுவில் அவனை விமானத்துக்கு ஏற்றிவிட்டேன். அடுத்த சீசன் முழுவதும் அவன் ஆடவில்லை. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் மனது உறுத்துகிறது.

5. ஸ்கவுட் வந்திருக்கிறாரா என்று டக்அவுட்டிலிருந்து எட்டிப் பார்க்காதே. தரையோடு உருளும் பந்தை அடித்துவிட்டு, அவுட் என்று தெரிந்தும் முதல் பேஸுக்கு எப்படி ஓடுகிறாய் என்பதையும் அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். இங்கிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2012-ல் பிரூஸ்டர் அணிக்காக இங்கே ஆடினார் ஆரன் ஜட்ஜ். 2022-ல் 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக் சாதனை படைத்தவர் அவர்தான்.

6. மைதானத்துக்குள் வர டிக்கெட் கிடையாது. ஆட்டத்துக்கு நடுவே நன்கொடை வசூலித்துக்கொண்டு வருவார்கள், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் ஒரு டாலர், ஐந்து டாலர் என்று போடுவார்கள். அந்தப் பணமும் சேர்ந்துதான் உன் கோடை நடக்கிறது. கையெழுத்துக்கு நிற்கும் குழந்தைகளைக் கடந்து பஸ் ஏறாதே. காலையில் சிறுவர் முகாமில் சொல்லிக்கொடுக்கப் போகச் சொன்னால் முகம் சுளிக்காமல் போ.

7. சாத்தம் மைதானத்தில் கடல் மூடுபனி இறங்கினால் அவுட்ஃபீல்டில் நிற்பவனே தெரிய மாட்டான். ஆட்டம் பாதியில் நிற்கும். அன்றைக்குத் தூங்கு. 40 ஆட்டத்தில் உடம்புக்குக் கிடைக்கிற ஓய்வு குறைவு.

8. பாதியில் ஊருக்குப் போய்விடலாமா என்று ஜூலை கடைசியில் தோன்றும். கையில் காயம் இல்லையென்றால் இரு. மர மட்டை ஒரு வழியாகக் கைக்குப் பழகுவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.

9. கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு. ஆகஸ்ட் முடியும்போது மாடி அறை காலியாகக் கிடக்கும், நாங்கள் காத்துக்கொண்டிருப்போம்.