மழையில் காமிரா

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தங்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். திருமணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைக்கும் என் அண்ணனுக்கு இவ்விரண்டும் சேர்ந்து வருவதே பெருந்தொல்லை. அவருடைய காமிரா அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கியது. எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணமும் அந்தக் காமிராவிலிருந்துதான் வருகிறது.

சென்ற ஆண்டு ஒரு மண்டபத்தில், குளிரூட்டிய மணமகள் அறையில் படம் எடுத்துக்கொண்டிருந்த அண்ணன், மாப்பிள்ளை அழைப்புக்காக வெளியே ஓடினார். லென்ஸ் முழுவதும் வெண்படலம். கைக்குட்டையால் துடைத்தார், மீண்டும் படர்ந்தது. அழைப்புப் படங்கள் அனைத்தும் பாழாயின. பெண் வீட்டார் பேசிய தொகையில் பிடித்துக்கொண்டார்கள்.

காரணம் நம் பாடநூலிலேயே இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 85 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 27 டிகிரி. அறையிலிருந்து வந்த லென்சோ 22 டிகிரியில் இருக்கிறது. நீராவி அதன்மேல் படியாமல் வேறெங்கே போகும்? கண்ணாடி சூடேறும் வரை துடைத்துப் பயனில்லை. எனவே, அறைக்குள்ளேயே காமிராவைப் பாலிதீன் பையில் இட்டு, வாயை இறுகக் கட்டி, வெளியே கொண்டுவந்து அரைமணி நேரம் வைக்க வேண்டும். நீர்த்துளிகள் பையின்மேல் படியும், லென்ஸ் தப்பிக்கும்.

தூறலில் எடுக்க, பையில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டு ரப்பர் வளையம் போட்டால் போதும். நனைந்துவிட்டாலோ இயக்கிப் பார்க்கும் ஆசை வரும், கூடாது. பேட்டரியைக் கழற்றி உலரவிட வேண்டும். அரிசிப் பானையில் புதைப்பது வீண். மாவுத்தூசிதான் உள்ளே போகும்.

மழையை விடக் கொடியது ஈரத் தோல்பை. அதில் அடைத்து வைத்த பழைய லென்ஸ் ஒன்றில் பூஞ்சை சிலந்தி வலைபோல் படர்ந்துவிட்டது. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சையும் அரிக்கும். ஆகவே இப்போது காமிரா, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு உறங்குகிறது. நீல மணிகள் ஈரம் உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும். சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். நீலம் தருவது கோபால்ட் குளோரைடு, நச்சுப்பொருள். சமையல் வாணலியில் வறுத்து அம்மாவிடம் வாங்கிய வசவு நியாயமானதே! வாணலியையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

டப்பாவைத் திறந்து நிறம் பார்ப்பது என் பொறுப்பு. நேற்றுப் பார்த்தேன், பாதி மணிகள் சிவந்திருந்தன. அடுத்த முகூர்த்தம் வெள்ளிக்கிழமை.