சிவகாசி வட்டாரக் கல்லூரி நூலகங்களும் உதிரி அச்சுகளும்: சேகரிப்பு முறையும் சேவை மாற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

கல்லூரி நூலகங்களின் கொள்முதல் முறை நூலையும் இதழையும் மையமாகக் கொண்டு உருவானது. விலைப்பட்டியலும் பதிப்பாளர் பெயரும் இல்லாத அச்சுப்பொருள் அம்முறைக்குள் எளிதில் நுழைவதில்லை. தீப்பெட்டி லேபிள், பட்டாசு உறை, நாட்காட்டி, விலைப்பட்டி ஆகியவற்றைப் பெருமளவில் அச்சிடும் சிவகாசியில் இக்குறையின் விளைவு பிற இடங்களைவிடக் கடுமையானது. இவ்வட்டாரக் கல்லூரி நூலகங்கள் அவற்றை எவ்வாறு சேகரிக்கலாம், காலம் கணிக்கலாம், பயன்பாட்டுக்குத் தரலாம் என்பதையும், மின்வளச் சந்தா முறைகள் நூலகச் சேவையில் கொண்டுவந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கல்லூரி நூலகம், கொள்முதல், உதிரி அச்சு, சிவகாசி, நாட்காட்டி, லேபிள், மின்வளம்

முன்னுரை

சிவகாசியின் பெயர் இந்திய வீடுகளுக்குள் தீப்பெட்டி, பட்டாசு, நாட்காட்டி என்னும் மூன்று வழிகளில் நுழைந்தது. மூன்றுக்கும் பொதுவானது அச்சு. 1922இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது இவ்வூரின் தொழில் வரலாற்றில் திருப்புமுனை. தீப்பெட்டிக்கு லேபிள் தேவை. லேபிளுக்கு அச்சகம் தேவை. அச்சகங்கள் பெருகிய ஊரில் நாட்காட்டியும் நாட்குறிப்பும் பாடநூலும் அச்சாயின. மழை குறைந்த கரிசல் நிலத்தில் இத்தொழில்கள் ஈட்டிய பொருளின் ஒரு பகுதி கல்விக்குச் சென்றது. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இலும் வே.வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962இலும், சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இலும் ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968இலும் தொடங்கப்பெற்றன. அச்சுத்தொழிலும் கல்லூரியும் ஒரே சமூகச் சூழலில் வளர்ந்தவை. ஆயினும் கல்லூரி நூலகம் நூல் வாங்கும் வழி அச்சகத்தின் வாசலைத் தொடுவதில்லை. சென்னை, தில்லிப் பதிப்பாளர்களின் பட்டியல் வழியாகவே அது செல்கிறது. இம்முரணே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

கொள்முதல் முறையின் எல்லை

துறைகள் பரிந்துரைக்கின்றன, நூலகக் குழு ஏற்கிறது, விலைப்புள்ளி பெறப்படுகிறது, நூலும் பட்டியும் வந்தபின் சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண் இடப்படுகிறது. ஆசிரியர், தலைப்பு, பதிப்பாளர், ஆண்டு, விலை என்னும் பத்திகளே எது நூலகப் பொருள் என்பதை மறைமுகமாகத் தீர்மானிக்கின்றன. தீப்பெட்டி லேபிளுக்கு ஆசிரியர் இல்லை, ஆண்டு இல்லை, தனி விலையும் இல்லை. தணிக்கையின்போது கணக்குக் காட்ட இயலாத பொருளை வாங்க எந்த நூலகரும் தயங்குவார். இத்தயக்கம் நூலகரின் அக்கறையின்மை அன்று. பதிவேட்டின் அமைப்பு விளைவித்தது.

சட்டமும் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி மாகாண அரசுகள் வெளியிட்ட காலாண்டு நூற்பட்டியல்கள் இன்று தமிழ் அச்சு வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். நூல் வழங்கல் சட்டம் 1954 கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்குப் படி அனுப்புவதைப் பதிப்பாளரின் கடமையாக்கியது. அச்சட்டம் நூல் என்பதற்குள் சிறுவெளியீட்டையும் தனியே அச்சிட்ட இசைத்தாள், நிலப்படம் போன்றவற்றையும் சேர்த்தது. லேபிளையும் நாட்காட்டியையும் பெயர் சுட்டவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள 2023ஆம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் நூல்களையே தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. நூலுக்கே இந்நிலை என்றால் லேபிளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. கல்லச்சில் படம் வரையப்பட்ட கல், அச்சுப் பணி முடிந்ததும் தேய்த்துச் சமன்செய்யப்பட்டு அடுத்த படத்துக்குப் பயன்படும். ஆகவே அச்சகம் தன் மூலத்தைத் தானே அழித்துக்கொள்ளும் இடம். அச்சான தாள் எங்கோ எஞ்சியிருந்தால் மட்டுமே அந்தப் படம் எஞ்சும். அத்தாளும் தீக்குச்சி தீர்ந்ததும் குப்பைக்கும், ஆண்டு முடிந்ததும் பழைய தாள் கடைக்கும் செல்கிறது.

முன்னோடிகள் இருவர்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா நூல்களோடு நாடக அறிவிப்பு, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் ஆகியவற்றையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கித் தமிழகத்திலேயே நிலைபெறச் செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. தனிமனிதர் ஒருவர் எந்தக் கொள்முதல் விதிக்கும் கட்டுப்படாமல் சேர்த்தவையே பின்னாளில் பல்கலைக்கழக ஆய்வின் அடித்தளமாயின என்பது நூலகவியலார் சற்று நின்று எண்ண வேண்டிய செய்தி.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் அச்சாளராக இருந்த ஜான் ஜான்சன், பிறர் குப்பை எனத் தள்ளிய விளம்பரத்தாள், நுழைவுச்சீட்டு, லேபிள் முதலியவற்றைத் திரட்டினார். அத்தொகுப்பு 1968இல் போட்லியன் நூலகத்துக்கு மாற்றப்பட்டது. சேர்த்தவர் அச்சாளர் என்பது சிவகாசிக்கு நெருக்கமான செய்தி. எது அச்சாகிறது என்பதை நூலகரைவிட முன்னதாக அறிபவர் அச்சாளரே.

கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் நாட்காட்டிகளாகி நாடெங்கும் பரவின. நாட்காட்டிக் கலையின் பொருளியலை ஆராய்ந்த கஜ்ரி ஜெயினின் ஆங்கில நூல் 2007இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மூலங்கள் பிறந்த வட்டாரத்தின் மாணவர் அதே பொருளில் ஆய்வு செய்ய முனைந்தால் எந்த நூலகத்தில் தொடங்குவது என்னும் கேள்வி நேர்மையாகக் கேட்கப்பட வேண்டியதே.

ஆண்டு இல்லாத தாளின் ஆண்டு

உதிரி அச்சைச் சேர்ப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் முதன்மைத் தடை, அதனைப் பட்டியலிட இயலாது என்பது. இது முழு உண்மை அன்று. லேபிளில் அச்சாண்டு இராது. ஆனால் ஆண்டைக் காட்டும் தடயங்கள் உண்டு. விலை அணாவில் இருந்தால் அது பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முற்பட்டது. நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டதாகக் கொள்ளலாம். அஞ்சல் குறியீட்டெண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தையதாக இராது. பொதியப்பட்ட பொருள்களுக்கான 1977ஆம் ஆண்டு விதிகள் உறையில் இடம்பெறும் விவரங்களை மாற்றின. முகவரியில் இராமநாதபுரம் மாவட்டம் என்றிருப்பது 1985க்கு முந்தைய நிலை. காமராசர் மாவட்டம் என்பது 1985 முதல் 1997 வரை. விருதுநகர் மாவட்டம் என்பது அதன்பின். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவெண் 2017 சூலைக்குப் பின்னரே வரும்.

தமிழாய்வாளருக்கு இன்னொரு கருவி எழுத்து வடிவம். ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழி வடிவங்களும் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் கொம்பு வடிவங்களும் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய மரபைக் காட்டும். இதனைத் தனித்து நம்புவது பிழை. அரசாணை வந்த மறுநாளே அச்சகம் தன் எழுத்துகளை மாற்றுவதில்லை. பழைய லேபிளைப் பார்த்து வரைபவர் பழைய வடிவத்தையே வரைவார். ஆதலின் எழுத்து வடிவம் தரும் காலத்தை விலை, முகவரி ஆகியவை தரும் காலத்தோடு ஒப்பிட்டே முடிவு கூற வேண்டும். முகவரி காமராசர் மாவட்டம் என்றும் எழுத்து பழையதாகவும் இருந்தால் முகவரியே வலிய சான்று. பழைய எழுத்து அப்போது அச்சக வழக்கின் நீட்சிக்குச் சான்றாகிறது. அதுவும் ஆய்வுக்குரிய செய்தியே.

சொல்லாய்வுக்கும் இவை பயன்படும். மத்தாப்பு, சங்கு சக்கரம், புஸ்வாணம், குருவி வெடி, ஓலை வெடி, சாட்டை, பிஜிலி, சரவெடி என விலைப்பட்டி தரும் பெயர்வரிசை ஒரு தொழிற்சொல் அகராதி. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, வட்டாரப் பட்டாசுத் தொழில் வளர்வதற்கு முன்பே நிறைவுற்றது. எந்தப் பெயர் எந்த ஆண்டுப் பட்டியில் முதலில் தோன்றுகிறது, எது மறைகிறது என்பதைத் தொடர்ச்சியான விலைப்பட்டிகள் மட்டுமே காட்டும்.

சேகரிப்பின் பருவம்

நூலகங்கள் நிதியாண்டின் இறுதி மாதங்களில் நூல் வாங்குவது வழக்கம். உதிரி அச்சுக்கு அப்பருவம் பொருந்தாது. சிவகாசியில் அடுத்த ஆண்டுக்குரிய நாட்காட்டி மாதிரித் தொகுப்பு ஆடி 18ஆம் நாளில் வெளியிடப்படுவது மரபு. ஆல்பம் என வழங்கும் இத்தொகுப்பில் ஓர் அச்சகத்தின் அவ்வாண்டுப் படங்கள் ஒருங்கே கிடைக்கும். நூற்றுக்கணக்கான தனித்தாள்களைத் தேடுவதைவிட ஆல்பம் ஒன்றைப் பெறுவது எளிது; காலமும் ஐயமின்றித் தெரியும். பட்டாசு விலைப்பட்டி தீபாவளிக்கு முன் வரும். பண்டிகை முடிந்ததும் பயனற்றதாகும். அது பயனற்றதாகும் அந்த வாரமே நூலகத்துக்கு உகந்த வாரம்.

இவற்றுக்குப் பணச்செலவு மிகக் குறைவு. தேவைப்படுவது பதிவேட்டில் அன்பளிப்பாக வரும் தொகுப்பை ஒரே சேர்க்கை எண்ணின்கீழ்ப் பதியும் இசைவு. தாளைத் தனித்தனியாகப் பட்டியலிட முனைந்தால் பணி முதல் ஆண்டிலேயே நின்றுவிடும். நிறுவனம், ஆண்டு, பொருள்வகை என்ற அளவில் தொகுப்பாக விவரித்து, ஆய்வாளர் கேட்கும்போது விரிப்பதே நடைமுறைக்கு ஏற்றது. அமிலத்தன்மை மிக்க மலிவுத் தாள் விரைவில் பழுத்து ஒடியும். அமிலமற்ற உறை இல்லாத சேகரிப்பு சேகரிப்பு ஆகாது.

மின்வடிவாக்கத்தில் பதிப்புரிமை குறுக்கிடுகிறது. கலைப்படைப்பு ஒன்றின் உரிமை பொதுவாகப் படைத்தவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். ஓவியரிடமே உரிமை இருந்ததாகக் கொண்டால் கொண்டைய ராஜுவின் படங்களுக்கு அது 2036 வரை செல்லும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள படியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இசைவளிக்கிறது. கல்லூரி நூலகம் இவ்விலக்கணத்துள் அடங்குமா என்பது விவாதத்துக்குரியது. அடங்கினும், அவ்விசைவு சேமிப்பதற்கே. இணையத்தில் வெளியிடுவதற்கு அன்று.

மின்வளமும் வாசகரும்

சேவை மாற்றத்தின் மறுபக்கம் மின்வளங்கள். இன்ஃபிளிப்னெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டம் 2010 முதல் கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தருகிறது. தனிப் பயனர் பெயர் வழங்கப்படுவதால் வளாகத்துக்கு வெளியிலிருந்தும் படிக்க இயலும். இவ்வட்டாரத்தில் இது சிறிய வசதி அன்று. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் மாணவியருக்கு வகுப்பு முடிந்ததும் பேருந்து காத்திருக்கிறது; மாலையில் நூலகம் திறந்திருப்பதால் அவர்களுக்குப் பயனில்லை. நூலகத்தின் வேலைநேரம் என்னும் பழைய அளவுகோல் இங்குப் பொருளிழந்து, கைப்பேசியில் கடவுச்சொல் இயங்குகிறதா என்பதே சேவையின் அளவுகோலாகியுள்ளது.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் மூன்றாண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் தருவதாக அறிவிக்கப்பட்டது. ஒன்றிய, மாநில அரசுகளின் நிர்வாகத்திலுள்ள உயர்கல்வி நிறுவனங்களே அதன் பயனாளிகளாக வரையறுக்கப்பட்டன. விருதுநகர், சிவகாசிக் கல்லூரிகளுள் மூத்தவை அறக்கட்டளைகளும் சமூக அமைப்புகளும் நடத்துபவை. தொழிலில் ஈட்டியதைக் கொண்டு தாமே கல்லூரி கண்ட ஊர்கள் அதன் காரணமாகவே வரையறைக்கு வெளியே நிற்க நேர்வது சிந்திக்கத்தக்கது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு குறித்து அளித்த தீர்ப்பும் பேரியம் உப்புகள் மீதான தடையும் இவ்வட்டாரத்தின் தகவல் தேவையையே மாற்றின. மாற்று வேதிக்கலவை பற்றிய ஆய்விதழ், வெடிபொருள் விதிகள் 2008, நீரி நிறுவனத்தின் பசுமைப் பட்டாசு வாய்ப்பாடுகள் தொடர்பான செய்தி ஆகியன வேதியியல் மாணவருக்கு மட்டுமன்றிச் சிறு உற்பத்தியாளருக்கும் வேண்டியவை. இதழ் மின்வளத்தில் கிடைக்கலாம். அதன் மொழி ஆங்கிலம். கலவை அறையில் பணிபுரிவோருக்கு அது எட்டாது. அவர்களின் பிள்ளைகள் இக்கல்லூரிகளில் படிக்கின்றனர். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை நினைவில் கொண்டால், பாதுகாப்பு விதிகளின் தமிழ்ச் சுருக்கத்தை வேதியியல் துறையும் தமிழ்த் துறையும் இணைந்து உருவாக்கி நூலகம் வழியே வழங்குவது கூடுதல் சேவை ஆகாது. நூலகத்தின் இயல்பான பணியே ஆகும். அத்தகைய சுருக்கத்தை அச்சிட ஊருக்கு வெளியே செல்ல வேண்டியதும் இல்லை. அச்சானதும் அதன் முதல் படி சேர்க்கை எண்ணோடு நூலகத்தில் இருக்க வேண்டும். இல்லையெனில் அதுவும் இன்னோர் உதிரித் தாளாகிவிடும்.