கம்ப்யூட்டர் துவங்கும்போது என்ன சொல்கிறது?



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். லினக்ஸ் போட்டு ஆன் செய்தால், திரை முழுக்க ஆங்கில வரிகள் சரசரவென்று ஓடின. நடுநடுவே 'எரர்', 'டவுன்' என்ற சொற்கள். பக்கத்தில் நின்ற அம்மா, "என்னப்பா, காசு போச்சா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓடிய வரிகளைப் படிக்க முடியலையே என்ற கவலை வேண்டாம். உள்ளே போனபின் டெர்மினலில் 'டிமெஸ்ஜி' என்ற கட்டளை கொடுத்தால் அவை மீண்டும் வரும். சில லினக்ஸில் அதற்கு முன்னால் 'சூடோ' சேர்க்க வேண்டும். ஒரு வரியை மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். உதாரணம்:

[1.318204] ஏடிஏ2: சாட்டா லிங்க் டவுன்

1. எப்போது? அடைப்புக்குள் இருப்பது, கெர்னல் துவங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்ற கணக்கு.
2. யார்? டிஸ்க் மாட்டும் இரண்டாவது போர்ட்.
3. என்ன? இணைப்பு இல்லை. டிஸ்க் போச்சுன்னு பயந்துட்டேன். திறந்து பார்த்தால், அந்த போர்ட்டில் எதுவும் மாட்டவே இல்லை!

ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை எண் உண்டு. எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல். ஆனால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. 'ஏசிபிஐ பயோஸ் எரர்' என்று வரும். அது பெரும்பாலும் மதர்போர்டோடு வந்த பயோஸில் உள்ள குறை. எல்லாம் ஒழுங்காக ஓடினால் விட்டுவிடலாம்.

'ஐ/ஓ எரர், டெவ் எஸ்டிஏ, செக்டார்' என்று வந்தால் விடக்கூடாது. முதல் டிஸ்க்கில் அந்த இடத்தைப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்று பொருள். எனக்கு இந்த வரி திரும்பத் திரும்ப வந்தது. கேபிளை மாற்றினேன், நிற்கவில்லை. அன்றிரவே புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பென்டிரைவில் எடுத்து வைத்தேன். ஒன்பதாம் நாள் டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை.

"டிஸ்க் மட்டும்தாம்மா போச்சு, மிஷின் நல்லாயிருக்கு" என்று அம்மாவிடம் தைரியமாகச் சொன்னேன்.

நண்பர்களே, 'எரர்' என்றதும் ஆஃப் செய்துவிடாதீர்கள். எப்போது, யார், என்ன என்று கேளுங்கள். கம்ப்யூட்டரே பதில் சொல்லும்.

 

மூன்றாமாண்டு, கம்ப்யூட்டர் பிரிவு